ஏழாவது கிரீனுக்கு வந்த முறைத் தண்ணீர்

அபிநயா, தருண், இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். கலியமூர்த்தி மாமா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், அவருக்கு வேலை அதிகம் என்று மழுப்பிவிட்டேன். அது பொய். வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அபிநயா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம், அது நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. சுரக்குடியில் இருந்த காலத்தில் சுடுகாட்டு ஓரத்து வயலுக்கு ராத்திரியில் மடை பார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கார் நிறுத்த இடம் காட்டும் வேலை இரண்டு வருஷம் பார்த்தேன், வருகிறவர்கள் தங்களுக்கு வந்த கஷ்டத்தையெல்லாம் காரை விட்டு இறங்கும் முன்பே சொல்லிக் கலங்குவார்கள், நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காருக்குக் கை காட்டுவேன். சாமி கும்பிடுவேன், அது வேறு. கண்ணால் பார்க்காததை நம்புகிற ஆள் நான் இல்லை. என் தொந்தரவே இப்போது கண்ணால் பார்த்துவிட்டதுதான்.

அப்பா வேலை பார்க்கும் கோல்ப் மைதானத்துக்கு உங்களை ஒரு தடவை கூட்டிப் போயிருக்கிறேன், தருணுக்கு ஞாபகம் இருக்காது. காரைக்காலுக்குத் தெற்கே கடலோரமாக, பிரான்சிலிருந்து திரும்பிய ஒருவர் கட்டிய விடுதி அது. அதன் பின்னால் ஒன்பது குழி வைத்த புல் மைதானம். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக இருக்கும் பொடிப் புல்லுக்குத்தான் கிரீன் என்று பெயர். ஒரு அரிசியை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அந்தப் புல் இருக்க வேண்டும். வயலை மாதிரி அது மண்ணில் வளர்வதில்லை. கீழே ஜல்லி, அதன் மேல் குழாய், அதன் மேல் முழுக்க மணல். ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் குடத்தை நிமிர்த்துவதற்குள் உள்ளே போய்விடும். கிரீனில் தண்ணீர் நிற்கவே நிற்காது, நிற்கக் கூடாது என்றுதான் அப்படிக் கட்டுகிறார்கள். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். புல்லுக்கு அந்தத் தண்ணீரை விட்டால் இரண்டே நாளில் நுனி கருகிப் பழுப்பாகிவிடும். முதலாளி லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்து, தார்ப்பாய் விரித்த ஒரு குட்டையில் ரொப்பினார். அந்தத் தண்ணீர் கிரீன்களுக்கு மட்டும்தான், அதுவும் ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம் என்று அளந்து. மற்ற இடத்துப் புல் எல்லாம் வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது. மத்தியானம் நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கிரீனாகப் போய், குழந்தைக்குச் சுரம் அடித்தால் நெற்றியில் ஈரத்துணி போடுவது போல, மேலாகப் பனி மாதிரி தூவிவிட்டு வருவேன். ஆனி மாதத்தில் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்குள் புல் செத்தால் வேலையை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

குட்டைத் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் கலியமூர்த்தி மாமா. வால்வுச் சாவி அவர் ஒருவரிடம்தான். ராத்திரியும் அங்கேயே பம்பு ரூமில் படுத்துக்கொள்வார். அவரை அந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே நான்தான், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை. தினமும் அந்த நேரத்தில் நீள மூங்கில் கழியால் கிரீன்களில் இருக்கும் பனியைத் தட்டிவிடுவோம், இல்லாவிட்டால் புல்லில் பூசணம் பிடிக்கும். ஏழாவது கிரீனில் கழியை வைத்ததும் தண்ணீர் சிதறியது. பனி இல்லை, பாய்ச்சல். காலை வைத்தால் சளக் என்றது. மற்ற எட்டு கிரீன்களும் காய்ந்து கிடக்க, இது மட்டும் நாற்றங்கால் மாதிரி இருந்தது.

எனக்கு உடனே ஒரு கணக்குத் தோன்றியது. ஏழாவது கிரீனை ஒட்டித்தான் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தி மாமாவின் மச்சான் கத்தரிக்கொல்லை போட்டிருந்தார். ராத்திரியில் மச்சானுக்குத் தண்ணீர் போகிறது, கசிவதுதான் இங்கே நிற்கிறது என்று நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கத்தரிச் செடிகள் வாடித்தான் நின்றன. ஆனாலும் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் வாடின செடிகூட நடிக்கிற மாதிரிதான் தெரியும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் குட்டையின் அளவுகுச்சியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்ப்பேன். எட்டாம் நாள் விடியற்காலை மறுபடியும் ஏழாவது கிரீன் ஊறிக் கிடந்தது.

பம்பு ரூமில் கலியமூர்த்தி மாமா இல்லை. அப்போதுதான் சைக்கிளில் உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, யாராவது ஒருவருடைய முறைத் தண்ணீரை ராத்திரியில் இன்னொருவர் வெட்டிவிட்டால், விடிந்ததும் கேள்வியெல்லாம் கேட்க மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் சேறு.

"என்னய்யா காலெல்லாம்?" என்றேன்.

"மாடு கொளத்து சேத்துல எறங்கிட்டுண்ணே. நாலு மணிக்கு போன் பண்ணுனாவோ. நாலு பேரு சேந்து இழுத்துப் போட்டுட்டு வரேன்."

"மாட்டுக்கு நாலு மணிக்கு கொளத்துல என்ன வேலை?"

"அத மாட்டுகிட்டதான் கேக்கணும்" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "ஏண்ணே, என்னாச்சு?"

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும். அன்று காலை அவர் வருவதற்கு முன்பே நான் குட்டைக்குப் போய் அளவுகுச்சியைப் பார்த்துவிட்டேன். தண்ணீர் நான் போட்ட கரிக்கோட்டிலேயே நின்றது. ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேனேஜரிடம் போய், "சார், தண்ணி வெளிய போவுது, கலியமூர்த்தி கால்ல சேறு இருந்துச்சு" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. கிரீனில் தண்ணீர் நிற்பதை மேனேஜரும் வந்து பார்த்துவிட்டார், யாரோ ஒருவரைச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லாவிட்டால் கேள்வி என் பக்கம் திரும்பும். சேற்றைப் பார்த்த கண் குச்சியைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தார். "இனிமே நீங்களே தொறங்க, நீங்களே மூடுங்க" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஏழாவது கிரீனில் களை பிடுங்கிக்கொண்டிருந்த வசந்தா அக்கா என்னைக் கூப்பிட்டார். மைதானம் இருக்கும் இடமெல்லாம் முன்பு நெல் வயல், வசந்தா அக்கா அந்த ஊர்க்காரர், அங்கேயே நடவு நட்டவர். வாய் கொஞ்சம் நீளம்.

"முருகையண்ணே, தண்ணி தொறந்தவன் தச்சனா? ஓரத்தப் பாருங்க" என்றார்.

அப்போதுதான் நான் அந்த ஈரத்தின் ஓரத்தைக் கவனித்தேன். நம் குழாயில் தூவினால் ஈரம் வட்டமாக விழும். வால்வு கசிந்தால் சரிவைப் பார்த்து ஓடும். இது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஒரு கோடு கிரீனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், வேலிக்குப் பக்கத்தில் சதுரமாகத் திரும்பியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் காய்ந்த புல்.

"வரப்பு ஓடுன எடம் இது" என்றார் வசந்தா அக்கா. "கடைமடை. எட்டு நாளைக்கு ஒரு மொறைதான் தண்ணி வரும். அதுவும் ரெண்டு மொறை ராவுல வந்தா, அடுத்த ரெண்டு மொறை பகல்ல."

"அது ஏன் அப்புடி?"

"ஒருத்தனே எப்பவும் ராவுல முழிச்சிக்கிட்டு கெடக்கணுமா? அவனுக்கும் வூடு வாசல், பொண்டாட்டி இருக்காள்ல."

"யாரு வயலு இது?"

"பேரு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? ஒரு ஆள ஏற்கெனவே அனுப்பியாச்சு. அவரையும் கூட்டியாந்து சீட்டக் கிழிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. கலியமூர்த்தியும் இவரும் சேர்ந்து என்னவோ செய்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். இத்தனைக்கும் எங்கள் பக்கத்து ஆறு, வாய்க்கால் எல்லாம் அப்போது வறண்டு வெடித்துக் கிடந்தன. மேலே அணை திறக்க இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. மைதானத்துக்குள் ஓடிய பழைய வாய்க்காலைத் தூர்த்து, அதன் மேல்தான் வண்டி போகிற பாதை போட்டிருக்கிறார்கள்.

சரியாக எட்டாம் நாள். சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது, வால்வுக்கு மேலே நானே ஒரு பூட்டும் போட்டிருந்தேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தேன், ஏழாவது கிரீன் காய்ந்து கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, பார்த்தாயா, ஆள் போனான், தண்ணீரும் போச்சு என்று. அந்த நிம்மதியோடேயே வேலை பார்த்தேன், மத்தியானம் சாப்பிட்டேன், எல்லாரும் பூவரச நிழலில் படுத்துவிட்டார்கள், நான் மட்டும் குழாயை எடுத்துக்கொண்டு புல்லுக்குத் தூவப் போனேன். மணி ஒன்றரை இருக்கும். நல்ல அக்னி நட்சத்திர வெயில், தூரத்தில் குழிகளில் நட்டிருக்கும் கொடிக்கம்புகள் எல்லாம் ஆடுகிற மாதிரி தெரியும். ஆள் இல்லை, காக்கா இல்லை.

ஏழாவது கிரீனில் ஏறி நின்று இன்னும் குழாயைத் திறக்கவில்லை. நீங்கள் நம்பினால் நம்புங்கள், வேலிப் பக்கத்து மூலையிலிருந்து தண்ணீர் வந்தது. பீய்ச்சிக்கொண்டு வரவில்லை. மடை வெட்டிவிட்டால் வயலுக்குள் எப்படி வருமோ அப்படி, முன்னால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, எறும்புகளை மிதக்க விட்டுக்கொண்டு, மெதுவாக, தடவிக்கொண்டு வந்தது. கலங்கல் தண்ணீர். ஆடியில் புதுத் தண்ணீர் வரும்போது ஒரு மண் வாசனை வருமே, அது வந்தது. நான் குனிந்து கையால் அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் உப்பில்லாத தண்ணீர் இருந்தது எங்கள் குட்டையில் மட்டும்தான், இது குட்டைத் தண்ணீரும் இல்லை, அது தெளிவாக, தார்ப்பாய் வாசனையோடு இருக்கும்.

அது என் காலைத் தாண்டிப் போய் அந்தக் கோட்டில் நின்றது. நின்றது என்றால் நின்றது. கிரீன் சரிவாகத்தான் இருக்கும் பிள்ளைகளே, வேலிப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் பள்ளம். அந்தச் சரிவின் மேல் தண்ணீர் மட்டமாக நின்றது, வேலிப் பக்கம் விரல் கனம், கோட்டுப் பக்கம் கெண்டைக்கால் உயரம். பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீரின் ஓரம் வெயிலில் கண்ணாடி மாதிரி நின்றது, அதற்கு அந்தப் பக்கம் காய்ந்த புல், புல்லில் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காலைத் தூக்க முடியவில்லை. மணலில் நிற்கும்போது வராத ஒரு பிடிப்பு, உழுத வயலில் இறங்கினால் காலை இழுக்குமே, அது. பிறகு மூலையில் மண்வெட்டியால் சேற்றை வெட்டி வைத்து அடைக்கும் சத்தம் கேட்டது. மூன்று தடவை. மூன்றாவதற்குப் பிறகு குதிகாலால் மிதித்து இறுக்கும் சத்தம். மூலையில் யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தண்ணீர் அதற்கப்புறம் வரவில்லை, நின்றது எல்லாம் இறங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். வெளியில் தூசிதான் இருந்தது. காலை வெளியே எடுத்ததும் உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "எந்த வயல்ல எறங்குனீங்க?" என்றாள்.

"ஏன்?"

"கால் நெறையா சேறு. ஊரே வெடிச்சுக் கெடக்கு, ஒங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து சேறு கெடைச்சுது?"

விரல் இடுக்கெல்லாம் கறுப்புக் களி. எங்கள் கிரீன்களில் மணலைத் தவிர வேறு மண்ணே மேலே கிடையாது. அப்போதுதான், அவ்வளவு நாள் கழித்து, எனக்கு உறைத்தது. கலியமூர்த்தியின் காலில் இருந்ததும் களிதான். கிரீனில் நின்று தண்ணீர் திறந்திருந்தால் அவர் காலில் மணல் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே என் கண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், நான்தானே தினமும் அந்த மணலை மிதிக்கிறவன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், குட்டையில் தண்ணீர் குறையவில்லை, நான் பார்த்தும் சொல்லவில்லை என்று சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டு, "தண்ணி மிச்சம்னா சந்தோஷம்தானே முருகையன், புது ஆளும் போட்டாச்சு, விடுங்க" என்றார். எனக்கு விட முடியவில்லை. கலியமூர்த்தி மாமா பட்டினச்சேரியில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டு அங்கே போனேன். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்து, ஆளைத் திரும்பச் சேர்க்கப் பார்க்கிறேன், தப்பு நடந்துவிட்டது என்று என்னென்னவோ பேசினேன். அவர் கட்டியை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கி குச்சிய பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எறங்கியிருந்துச்சா?"

"இல்ல."

"பாத்துட்டுத்தான் சொன்னீங்க."

அவர் கையில் இருந்த சாக்கை இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"மாட்ட இழுத்தவன் நாலு பேரும் இருக்கான். ஒருத்தன்கிட்டயாவது போயி கேட்டிருக்கலாம்" என்றார். "இப்ப ஊர்ல எம் பேரு தண்ணி திருடன். மச்சான் வூட்டுல சோறு எறங்க மாட்டேங்குது. செத்த ஒதுங்குங்க, லோடு வருது."

அதற்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. காரணம் இதுதான். அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை, உங்கள் அப்பா பேரில்தான். வழியில் பார்த்தால் நீங்கள் மாமா என்று கூப்பிடுங்கள், அவர் உங்களிடம் நன்றாகத்தான் பேசுவார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் வெட்டினார்கள், யார் அடைத்தார்கள், எனக்குத் தெரியாது. அதற்கடுத்த எட்டாம் நாளுக்குள் கோடை மழை பெய்துவிட்டது, மைதானம் முழுக்க ஈரம், எது எந்தத் தண்ணீர் என்று பார்க்க முடியவில்லை. ஆட வந்தவர்கள் ஏழாவது கிரீன்தான் ரொம்ப அழகு என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். புல்லின் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க, ஒரு இரும்புக் குழாயைக் கிரீனில் குத்தி எடுப்போம், உள்ளே இருக்கும் மண் குழாயோடு அப்படியே உருளையாக வரும். மற்ற எட்டு கிரீனில் குத்தினால் வெறும் மணல். ஏழாவதில், அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் குத்தினால், அந்த வருஷம் ஒரு முழ ஆழத்தில் கறுப்புக் களி வந்தது. அதில் நெல் அறுத்த தூரின் வேர் இருந்தது. பழைய வயல்தானே, கீழே இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த வருஷம் குத்தினால் ஒரு சாண். இந்த வருஷம் நாலு விரல்கடை. வேர் காய்ந்திருக்கவில்லை, வெள்ளையாக இருக்கிறது. நான் இதை யாரிடமும் காட்டவில்லை, குத்தின ஓட்டையில் மணலைப் போட்டு மூடிவிட்டு வந்துவிடுகிறேன்.

கலியமூர்த்தி மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேனே, அன்றைக்கு நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. வழியில் ஒரு கட்டி சூடம் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். எல்லாரும் போய்விட்டார்கள், வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வேலிப் பக்கத்து மூலைக்குப் போய், புல் கருகாமல் இருக்க ஒரு ஓட்டுத் துண்டைப் போட்டு, அதன் மேல் சூடத்தைக் கொளுத்தினேன். "கலியமூர்த்தி தொறக்கல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அவன் பேர சொன்னேன்" என்று, யாருக்கு என்று தெரியாமல், வாய் விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளங்கையை வைத்துச் சூடத்தை அணைத்தேன்.